நான்காவது மொழி

சட்டியில் மூன்றாவது ரொட்டி உப்பிக்கொண்டிருந்தபோது கடைக்குள்ளிருந்து பெட்டி பேசியது.

"ஒரு தெங்கே வந்தது."

ரவ்ஷான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கடையில் யாரும் இல்லை. கதவைத் திறந்தால் மேலே கட்டியிருக்கும் பித்தளை மணி அடிக்கும், அது அடிக்கவில்லை. ஒரு தெங்கேக்கு இந்தக் கடையில் ஒரு தீக்குச்சிகூடக் கிடைக்காது. அதை யார் வேலை மெனக்கெட்டு அனுப்புவார்கள்?

அதைவிட இன்னொன்றுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கல்லாப் பக்கத்தில் இருந்து, பணம் வந்ததை அறிவிக்கும் அந்தப் பேசும் பெட்டி ருஷ்ய மொழியில்தான் பேசும். ரவ்ஷான் நகரத்தில் ருஷ்யப் பள்ளியில் படித்தவள். அவளுடைய போன், அதிலிருக்கும் பணச் செயலி, செயலியோடு பிணைத்த இந்தப் பெட்டி, எல்லாம் வாங்கிய நாளிலிருந்து ருஷ்யத்தில்தான் இருந்தன. இப்போது அது கசாக்கில் பேசியிருந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பவள் போல.

அப்படிக் கூட்டிக் கூட்டிப் படிக்கும் ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள். போன வருஷம் வரைக்கும்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். செயலி கசாக்கில் காலை வணக்கம் சொன்னது. அமைப்புக்குள் போய் மொழிப் பட்டியலைத் திறந்தாள். மூன்று வரிகள்: கசாக், ருஷ்யம், ஆங்கிலம். ருஷ்யத்தை அழுத்தினாள். திரை ஒரு முறை கண்ணை மூடித் திறந்தது. எல்லாம் பழையபடி ஆனது. 'சனியன், ஏதாவது புதுசா மாத்தியிருப்பானுங்க' என்று தனக்குள் திட்டிக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினாள். மூன்றாவது ரொட்டி கருகியிருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு ஏழு ரொட்டி. எண்ணெயில் பொரித்து வாசம் கிளப்பினால் அது செத்தவர்களுக்குப் போய்ச் சேரும், அவர்கள் பசியாறுவார்கள். ஆயாகோஸ் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் வாராவாரம் ஏதாவது ஒரு கூரையிலிருந்து அந்த வாசம் எழும். ரவ்ஷானின் கூரையிலிருந்து மட்டும் இந்த ஒரு வருஷமாக எழவில்லை. இன்றைக்கும் எழுந்திருக்காது. நேற்று கொழுந்தன் தோலேகன் போன் செய்யாமல் இருந்திருந்தால்.

"அண்ணி, நாளன்னைக்கு அவளுக்கு வருஷம் முடியுது. நானும் வர்றேன், என் மச்சான் மனார்பெக்கும் எல்லை தாண்டி வர்றாரு. இதுவரைக்கும் அவளுக்கு ஒரு ரொட்டிகூட நீங்க பொரிக்கலையாமே. ஊரே சொல்லுது. நாளைக்காவது போடுங்க அண்ணி. மச்சான் காதுக்குப் போனா எனக்குத்தான் அசிங்கம்."

"போடுறேன்டா. கடை யாரு பாக்குறது? எனக்கு என்ன பத்து கையா?"

அவன் வேலை செய்யும் சுரங்கத்து இயந்திரச் சத்தம் போனில் கேட்டது.

"இன்னொண்ணு அண்ணி. அவ கணக்கை மூடலாம்னு பேங்குக்குப் போயிருந்தேன். அன்னைக்கு சாயங்காலம் அவ உங்களுக்கு ஒன்பது தடவை ஒரு தெங்கே அனுப்பியிருக்கா. ஒவ்வொண்ணு கூடவும் ஏதோ எழுதியிருக்கா. என்ன எழுதியிருந்தா?"

"கிறுக்கல். எல்லைக்கு அந்தப் பக்கத்து எழுத்து. எனக்கென்ன அது தெரியுமா?"

"மனார்பெக்குக்குத் தெரியும். வரும்போது உங்க போனைக் காட்டுங்க."

அவ்வளவுதான் சொன்னான். அவன் குரலில் சந்தேகம் இல்லை. அதுதான் ரவ்ஷானைத் தூங்கவிடவில்லை.

இரவு முழுக்க அந்த ஒன்பதையும் அழிக்கப் பார்த்தாள். செயலியில் அழிக்கும் வழியே இல்லை. கோடையில் புதுப் போன்கூட வாங்கிப் பார்த்தவள்தான். கணக்கைத் திறந்ததும் ஒன்பதும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. மாவில் விழுந்த மயிர் போல.

அந்த ஒன்பதிலும் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

*

குன்சுலு அவளுடைய ஓரகத்தி, தோலேகனின் மனைவி. எல்லைக்கு அந்தப் பக்கம், சீனத்து மண்ணில் பிறந்த கசாக் பெண். கன்னம் சிவந்தவள், சட்டென்று சிரிப்பவள், லாரிக்காரன் ஹாரன் அடித்தால் கைக்குட்டையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் ஓடுபவள். ருஷ்யத்தில் ஒரு வார்த்தை தெரியாது. அந்தப் பக்கத்தில் கசாக்கை அரபு எழுத்தில் எழுதுவார்கள்; இந்தப் பக்கத்துக் கசாக் எழுத்தையே இங்கே வந்துதான் கற்றாள். ஒரு வருஷத்தில் செயலியைக் கசாக்கில் தட்டித் தடவிப் பழகிக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த அவளுடைய பழைய போனில் இங்கத்திய எதுவும் ஏறவில்லை. இந்தச் செயலி ஒன்றுதான் ஏறியது. பேசக் காசு போடுவதும் அதில்தான், டாக்சி கூப்பிடுவதும் அதில்தான்.

அவள்மேல் ரவ்ஷானுக்கு என்ன கோபம்? கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் தெரியும். அப்பன் வீடு கடைசி மகனுக்கு. அதுதான் இங்கே முறை. ரவ்ஷானின் கணவன் கைர்கெல்தி மூத்தவன், தோலேகன் கடைசி. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டின் முன்பக்கத்தைக் கடையாக்கி, சுவர் எழுப்பி, அலமாரி அடித்து, லாரிக்காரர்களின் கெட்ட பேச்சைக் கேட்டுச் சிரித்து அவள் கட்டியது எல்லாம் பின்கட்டு அறையில் இருந்த அந்தச் சிவந்த கன்னக்காரிக்குப் போகும். இவளுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு வயிற்றில் எட்டு மாதம்.

போன வருஷம் இதே நாள் ஒரு கல்யாண விருந்து நகரத்தில். அதற்கு முந்தின நாள் காலை, குன்சுலு போனை மேசையில் வைத்துவிட்டு மாவு மூட்டையைத் தூக்கப் போயிருந்தாள். ரவ்ஷான் அதை எடுத்தாள். அமைப்பு. மொழி. ருஷ்யம். மூன்று தட்டு. விளையாட்டுக்குத்தான்.

குன்சுலு திரும்பி வந்து பார்த்து முழித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு கையாலும் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதைப் பழையபடி மாத்திக் குடுங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"நாங்க எல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம். நீயும் கத்துக்குவே."

"அக்கா, பேசக் காசு தீர்ந்துபோச்சு. போடணும்."

"யார்கிட்ட பேசப் போறே? புருஷன் சுரங்கத்துல. நான் இங்க இருக்கேன். சிரிக்கத் தெரியுதுல்ல, லாரிக்காரன்கிட்ட சிரிச்சு வாங்கிக்கோ."

மறுநாள் விருந்துக்குக் கிளம்பும்போது பனி தூறிக்கொண்டிருந்தது. பின்கட்டின் கதவில் ரவ்ஷான் பூட்டைப் போட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, பனிப்புயலில் வெளியே வந்து எங்காவது விழுந்துவிடக் கூடாதே என்றுதான். நல்லதுக்குத்தான். அப்படித்தான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதை இந்த ஒரு வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விருந்தில் குதிரை இறைச்சித் தட்டு வந்த நேரம் மடியில் போன் அதிர்ந்தது. ஒரு தெங்கே. மறுபடி ஒரு தெங்கே. பக்கத்தில் இருந்தவளிடம் காட்டி, "எங்க வீட்டுச் சீமாட்டி கிறுக்குறதைப் பாரு" என்று சிரித்தாள். ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு போனை ஊமையாக்கினாள்.

சாலை இரண்டு நாள் மூடிக் கிடந்தது. திறந்ததும் கணவனுக்கு மூன்று மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தவள் அவள்தான். பூட்டைக் கழற்றினாள். கடைக்குள் ஆணியில் மாட்டினாள். பிறகுதான் கத்தினாள்.

குன்சுலுவின் போனில் ஒரே எண்ணை அழைத்துப் பார்த்த தடம் இருந்தது என்று போலீஸ்காரன் சொன்னான். நூற்றிருபது. ஆம்புலன்சுக்கு அவள் பிறந்த ஊர் எண். இங்கே அது யாருக்கும் போகாது.

*

மதியம் ஒரு மணிக்கு மணி அடித்தது. உள்ளே வந்தவன் ஒராஸ்கான், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாரம் ஒரு முறை வெங்காயம் ஏற்றி வரும் லாரிக்காரன். மீசையெல்லாம் பனி.

"என்ன கடைக்காரம்மா, ரோட்டுல இருந்தே எண்ணெய் மணக்குது! என்னைத்தான் கூப்பிடுறீங்கன்னு ஓடி வந்தேன்."

"செத்தவங்களுக்குப் போட்டது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"இந்த ரோட்டுல ஓட்டுறவன் பாதி செத்தவன்தானே? பாதி ரொட்டி குடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு முழு ரொட்டியையும் தேநீரையும் வைத்தாள். அவன் பிய்த்துத் தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இவனுக்கு அந்த எழுத்து தெரியும். இவன் வேற்று ஆள், இன்னும் பத்து நிமிஷத்தில் போய்விடுவான். மனார்பெக் நாளைக்கு என்ன படிக்கப் போகிறான் என்று தெரிந்தால்தான் அதற்கு ஒரு பொய் தயாரிக்க முடியும்.

"அண்ணே, ஒரு கஸ்டமர் ஏதோ எழுதி அனுப்பியிருக்கான். சும்மா படிச்சுச் சொல்லுங்களேன்."

அவன் எண்ணெய் விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினான்.

"'அக்கா, பனிக்குடம் உடஞ்சிருச்சு.' அட, யாருக்கோ பிரசவம்! 'அக்கா, காசு போடுற இடம் தெரியல. எல்லாம் ருஷ்ய பாஷைல இருக்கு. முதல்ல இருக்கிற உங்க பேரு மட்டும்தான் தெரியுது.' 'அக்கா, நீங்க பாக்குறீங்கன்னு இதுல குறி காட்டுது.'" மெல்லும் வாய் நின்றது. "'அக்கா, கதவு வெளிய பூட்டியிருக்கு.'"

வெளியே காற்று கூரைத் தகரத்தை ஒரு முறை தூக்கி அடித்தது.

"மிச்சம்?"

"அப்புறம் நாலுலயும் ஒரே வார்த்தைதான். 'அக்கா.' வேற ஒண்ணும் இல்லை." அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. "ஒன்பதாவது, 'போன் அணையப் போகுது. மிச்சத்தைக் கதவுல எழுதறேன்.'"

ரவ்ஷான் கையை நீட்டினாள். "போதும், குடுங்க."

"பத்தாவது ஒண்ணு இருக்கே."

"ஒன்பதுதான்."

"பத்து. இன்னைக்குக் காலைல வந்திருக்கு." அவன் போனைக் கல்லாமேல் வைத்தான். சுட்ட பாத்திரத்தை வைப்பதுபோல. "'எண்ணெய் வாசம் வந்துச்சு அக்கா. வந்துக்கிட்டு இருக்கேன்.'"

பிய்த்த ரொட்டியின் மிச்சத்தைக் கல்லாவின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தான். தேநீரைத் தொடவில்லை. வாசலில் நின்று, முதுகைக் காட்டியபடியே கேட்டான். "உங்க ஓரகத்தி ஒருத்தி இருந்தாளே... எங்க ஊர்ப் பொண்ணு. நல்லா சிரிப்பா."

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. போனான். மணி அடிக்கவில்லை.

*

மூன்று மணிக்கே வெளியே ஒன்றும் தெரியவில்லை. சாலை இருந்த இடத்தில் வெள்ளை. வானம் இருந்த இடத்திலும் அதே வெள்ளை. நாளைய வருஷச் சடங்கு விருந்துக்குக் குதிரை இறைச்சி வாங்க நகரத்துக்குப் போயிருந்த கைர்கெல்தி போனில் கத்தினான்.

"ரோட்டை மூடிட்டாங்கடீ! காலைலதான் விடுவாங்களாம். தம்பியும் மச்சானும் என் கூடத்தான் இருக்காங்க. பின்கட்டுல அடுப்பு மூட்டி வை, மச்சான் அங்கதான் படுக்கணும்னு சொல்றாரு. தங்கச்சி இருந்த அறையாச்சே."

'மிச்சத்தைக் கதவுல எழுதறேன்.'

பின்கட்டுக் கதவின் உட்புறம். அங்கே கீறல்கள் இருந்தன. அவை வெறும் கீறல் என்றுதான் ரவ்ஷான் நினைத்திருந்தாள். உயிர் போகிற நேரத்தில் கதவைப் பிறாண்டியிருப்பாள் என்று. வசந்தத்தில் நீலச் சாயம் வாங்கி மூன்று கை பூசினாள். ஆனால் குளிர் வந்ததும் சாயம் உதிரத் தொடங்கியிருந்தது. நாளைக்கு அந்த எழுத்து தெரிந்த ஒருத்தன் அந்தக் கதவைப் பார்த்தபடி படுக்கப் போகிறான்.

இரும்புச் சுரண்டியை எடுத்தாள். மீதியிருந்த சாய டப்பாவை எடுத்தாள். ஆட்டுத்தோல் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பக்கத்துச் சுவரைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால், பூட்டு மாட்டிய ஆணி காலியாக இருந்தது தெரிந்திருக்கும்.

முற்றம் முப்பது அடிதான். அந்த முப்பது அடியைக் கடக்கக் கம்பிக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நடந்தாள்; பனித்தூள் மூக்கிலும் இமையிலும் மணலாக ஒட்டியது; காற்று ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறு பக்கம் தள்ளியது; அதன் நடுவே, வரக்கூடாத அந்த எண்ணெய் வாசம், சமையலறையில் நின்றபோது இருந்ததைவிடக் கெட்டியாக, அவள் கூடவே நடந்து வந்தது.

உள்ளே குளிர்ந்த சாம்பல் நெடி. எலிப் புழுக்கை. இரும்புக் கட்டிலில் சுருட்டி வைத்த மெத்தை. கதவின் உட்பக்கத்தைப் பார்க்கவேண்டுமானால் கதவைச் சாத்தவேண்டும். சாத்தினாள். போனின் டார்ச்சை அடித்தாள். சுரண்டியை நீலத்தின்மேல் வைத்து இழுத்தாள்.

சாயம் சுருள் சுருளாக விழுந்தது. அடியில் மரம். மரத்தில் எழுத்து.

கீறல் இல்லை. எழுத்துதான். வரிசை வரிசையாக, வலமிருந்து இடமாக. மேல் வரி நிற்கிற பெண்ணின் மார்பளவு உயரத்தில் இருந்தது. அடுத்தது இடுப்பளவில். அதற்கடுத்து உட்கார்ந்து எழுதிய வரி. சுரண்டச் சுரண்ட வரிகள் இறங்கிக்கொண்டே போயின. படுத்து எழுதியது. கடைசி வரி நிலைப்படியை ஒட்டி, தரையிலிருந்து நாலு விரல் மேலே. அதன் பள்ளத்தில் ஏதோ வெள்ளையாகச் சொருகியிருந்தது. ரவ்ஷான் குனிந்து வெளிச்சம் காட்டினாள்.

நகம்.

வெளியே இரும்பு அசைந்தது.

க்ளிக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தன் கையாலேயே அதை ஒருமுறை எழுப்பியிருக்கிறாள்.

"யாரு? அண்ணே! ஒராஸ்கான் அண்ணே, விளையாடாதீங்க!"

காற்று. தள்ளினாள். தோளால் மோதினாள். கதவு அசைந்து, பூட்டின் நீளத்துக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு, நின்றது. அந்த இடைவெளியில் பனி பொடிப்பொடியாக உள்ளே வந்தது. வெளியே காலடித் தடம் இல்லை. அவளுடையதும் இல்லை.

போன். போன் இருக்கிறதே. நான் என்ன அவளைப் போலவா?

திரையைப் பார்த்தாள்.

செயலியில் மட்டும் இல்லை, போன் முழுக்க அந்த எழுத்து. பெயர்கள், பட்டன்கள், மணி காட்டும் இடம், எல்லாம் வலப்பக்கமிருந்து ஊர்ந்தன. கணவன் பெயர் எது? இதுவா? அழுத்தினாள். கேமரா திறந்து அவள் முகத்தையே காட்டியது. அவள் முகமும், தோளுக்குப் பின்னால் கட்டிலும். சுருட்டியிருந்த மெத்தை விரிந்திருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள்.

எண்களாவது எண்களாக இருந்தன. நூற்றுப் பன்னிரண்டு, இங்கத்திய அவசர எண். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பெண் குரல். கனிவாக, நீளமாக, சீன மொழியில் பேசியது. ரவ்ஷான் கத்தினாள். அந்தக் குரல் பொறுமையாகக் கேட்டது. மறுபடி அதையே சொன்னது. வைத்துவிட்டது.

செயலி. மொழிப் பட்டியல். அது இருக்கும் இடம் விரலுக்குத் தெரியும். வலது மூலை, ஆறாவது வரி. திறந்தாள். காலையில் மூன்று வரி இருந்த இடத்தில் இப்போது நாலு. நாலாவதுக்கு எதிரே பச்சைக் குறி. முதல் வரியை அழுத்தினாள். நகரவில்லை. இரண்டாவது. நகரவில்லை. விரல் விறைத்திருந்தது, அழுத்துகிறதா என்றே தெரியவில்லை. பச்சைக் குறி நாலாவதிலேயே நின்றது.

பணம் அனுப்பும் இடம் கீழே, நடுவில். அங்கே முதல் பெயர் எப்போதும் கைர்கெல்திதான். ஒரு தெங்கே. அனுப்பு. அவன் மடியில் போன் அதிரும். பார்ப்பான். பார்த்தாகவேண்டும்.

முற்றத்துக்கு அப்பால், கடைக்குள், காற்றையும் மீறித் தெளிவாகப் பெட்டி பேசியது.

"ஒரு தெங்கே வந்தது."

மறுபடி அனுப்பினாள்.

"ஒரு தெங்கே வந்தது."

மறுபடி. மறுபடி. கடையில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறி விழுந்தது. பார்த்தாச்சு. பார்த்தாச்சு. பார்த்தாச்சு. ஆறு. ஏழு. இருட்டிவிட்டது. இடைவெளியில் வந்த பனி கணுக்காலை மூடியிருந்தது. எட்டு.

ஒன்பது. பெட்டி பேசவில்லை.

யாரோ அதை ஊமையாக்கியிருந்தார்கள்.

பத்தாவதை அனுப்பியபோது கடையில் சத்தமில்லை. அவளுக்குப் பின்னால், கட்டிலில், ஒரு பழைய போன் அதிர்ந்தது.

இரும்புக் கம்பிகள் முனகின. வெறுங்கால் தரையில் இறங்கும் சத்தம். ஒரு கால். இன்னொரு கால். எண்ணெய் வாசம். அதனடியில் வேறொரு வாசம், உறைந்து, உருகி, மறுபடி உறைந்ததன் வாசம். மிகச் சின்னதாக ஏதோ ஒன்று விக்கியது. அதை யாரோ மார்போடு தட்டிக்கொடுத்தார்கள்.

"அக்கா."

ரவ்ஷான் கதவோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். மூடிய இமைக்கு வெளியே ஒரு வெளிச்சம் வந்து நின்றது. போன் வெளிச்சம். முகத்துக்கு அருகே. இரண்டு கையாலும் நீட்டுவதுபோல் இல்லை, ஒரு கையால். இன்னொரு கையில் சுமை.

"அக்கா, இதைப் பழையபடி மாத்திக் குடுங்க."

"எனக்கு... எனக்கு அந்த எழுத்து தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. குன்சுலு, நல்லதுக்குத்தான்டீ பூட்டினேன்... பனியில விழுந்துடுவேன்னு..."

காற்று நின்றது. பிறகு அந்தப் பழைய சிரிப்பு, சட்டென்று வரும் சிரிப்பு, அவள் காதுக்குப் பக்கத்தில்.

"நாங்க எல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம் அக்கா. நீங்களும் கத்துக்குவீங்க."

பனியைவிடக் குளிர்ந்த ஒரு கை அவளுடைய வலது கையைப் பிடித்தது. அந்தக் கையின் விரல்களில் நகம் இல்லை. எழுத அதற்கு ஒன்று தேவைப்பட்டது. அது ரவ்ஷானின் ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்து எடுத்து, நகத்தை மரத்தின்மேல், சாயம் உரிந்த இடத்தில், மார்பளவு உயரத்தில் வைத்தது. மெதுவாக, முதல் எழுத்தை, வலமிருந்து இடமாக இழுக்கத் தொடங்கியது.